மூங்கிலின் மறுமுனை

கணவனின் சட்டையை வாளியில் முக்கப் போனவள், முக்காமல் நிறுத்திக் காலரை மூக்கருகே கொண்டுபோனாள். புகை. சிகரெட் புகை இல்லை. அதைக் கல்யாணமான புதிதிலேயே நிறுத்த வைத்துவிட்டாள். சமையல் புகையும் இல்லை. காய்ந்த மரத்தை எதிலோ தேய்த்துக் கருக வைத்த வாசனை. சட்டைக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் அவளுக்கு வேலை. ஒரு தையல் நூலளவு தள்ளிப் போயிருந்தாலும் அவள் மேசையைத் தாண்டாது. அங்கே எல்லோரும் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அதை வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டா உள்ளே வர முடியும்?

அன்று மாலை டீ டம்ளரை நீட்டியபோது அவன் கையையும் பார்த்தாள். இரண்டு கையிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் சிவந்து கொப்புளித்திருந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸ் இருக்கும், வெட்டுக்காயம் இருக்கும், கொப்புளம் புதுசு.

“என்னங்க இது?”

“அதுவா? மூங்கில்.” அவன் டீயை ஊதினான். “கம்பெனில டூர் போறோம்ல, தீப்பெட்டி இல்லாம நெருப்பு மூட்டுற போட்டி ஒண்ணு வெச்சிருக்காங்க. மூங்கிலை மூங்கிலால தேய்ச்சா வருமாம். பழகிட்டிருக்கேன்.”

“யாரோட?”

“யாரோடன்னா... நான் மட்டும்தான். சைட்ல மொட்டை மாடி சும்மாதானே கிடக்கு.”

பதில் சொல்வதற்கு முன் கேள்வியை ஒருமுறை வாயில் போட்டு மென்றான் பாருங்கள், அங்கேதான் அவளுக்கு நூல் பிரிந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பொத்தான் தைக்கும் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள். அக்கா சிரித்ததில் புரையேறியது. “வீட்ல கேஸ் அடுப்பு பத்த வைக்கச் சொன்னா லைட்டர் எங்கன்னு கேக்கற மனுஷன், மூங்கில்ல நெருப்பு எடுக்கப் போறாராக்கும்” என்றபடியே போனில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்தாள். ஒல்லியான ஓர் ஆள் காய்ந்த மூங்கிலை நெடுக்காக இரண்டாகப் பிளந்தான். ஒரு பாதியின் ஓரத்தைக் கத்தி போலச் சீவினான். அதன் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையைத் தன் வயிற்றில் முட்டுக் கொடுத்துக்கொண்டான். இன்னொரு பாதியின் முதுகில் சின்னதாக ஒரு வெட்டு. உள்பக்கம் சுரண்டியெடுத்த மூங்கில் துருவல் அடைத்திருந்தது. அதை அந்தக் கூர்மையின் மேல் மேலும் கீழும் தேய்த்தான். புகை வந்தது, பொறி வந்தது. கடைசியில் பனியனைத் தூக்கிக் காட்டினான். தொப்புளுக்கு மேலே காசு அளவில் கன்றிச் சிவந்திருந்தது. தனியாகப் பழகுகிற எல்லோருக்கும் இந்த முத்திரை விழும் என்று சிரித்தான்.

அடுத்த வீடியோவில் இரண்டு பேர். ஒருவன் வெட்டு போட்ட பாதியைத் தரையோடு அழுத்திப் பிடிக்க, மற்றவன் குறுக்கே ரம்பம் இழுப்பது போல இழுத்தான்.

“இதுல வயிறு தப்பிச்சுது” என்றாள் அக்கா. “ஆனா கூட ஒரு ஆள் வேணும்.”

அக்கா சாதாரணமாகத்தான் சொன்னாள். இவள் பாதிச் சோற்றோடு டப்பாவை மூடினாள்.

சாயங்காலம் அவன் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு வந்தபோது தலை துவட்டித் தருகிற சாக்கில் நன்றாகப் பார்த்தாள். பிசைந்து வைத்த மாவு போல வழவழவென்று இருந்தது வயிறு. ஒரு கீறல் இல்லை. கூட ஒரு ஆள். அந்த ஆளுக்கு மனதுக்குள் ஒவ்வொரு முகமாக மாட்டிப் பார்த்தாள். லிஃப்ட் சரியில்லை என்று அடிக்கடி போன் செய்யும் கண் ஆஸ்பத்திரி ரிசப்ஷன் பெண்ணின் முகம்தான் கச்சிதமாகப் பொருந்தியது. அந்தப் பெண்ணை அவள் பார்த்ததுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, துணி காயப் போட்ட கையோடு, “எனக்கும் அந்த நெருப்பைக் காட்டுங்களேன்” என்றாள்.

அவனுக்குச் சந்தோஷம்தான். வண்டிப் பெட்டியிலிருந்து மூங்கில் துண்டுகளை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தான். யோசிக்காமல் குந்தி உட்கார்ந்து, வெட்டு போட்ட பாதியைத் தரையில் கவிழ்த்து இரண்டு கையாலும் அழுத்தினான். கொப்புளம் இருந்த இடத்தில் மூங்கில் சரியாகப் போய் உட்கார்ந்தது. சீவிய துண்டை அவள் இரண்டு கையாலும் எடுத்து, வலது கையை முன்னால் கொடுத்தாள்.

“அந்தக் கை இல்ல, இடது கைய முன்னால...” என்றவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அவளும் நிறுத்தினாள். எழுதுவது, சாப்பிடுவது, ஆணி அடிப்பது எல்லாவற்றையும் இடது கையால் செய்கிற ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான். அவனுடைய அண்ணன். மாமியார் இறந்த வீட்டில் அவர் கழுத்துச் சங்கிலியைக் காணோம் என்றதும், “கடைசி வரைக்கும் அம்மா பக்கத்துல இருந்தது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்” என்று அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் அவளைப் பார்த்துச் சொன்னவர். இனி அவர் வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று அன்றைக்கே இவன் அவளிடம் சொல்லியிருந்தான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மறுபடி நாலு பேர் முகத்தில் விழித்தாள்.

“உங்க அண்ணனா?”

“வாசப்படிய மிதிக்கல” என்றான் அவன், தலையைத் தூக்காமல். “அவர் வீட்டு மாடிக்கு வெளியால ஒரு இரும்புப் படி இருக்கு.”

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். ரிசப்ஷன் பெண் போய்விட்டாள் என்று ஒரு கணம் நெஞ்சு லேசானது. அடுத்த கணமே முன்பைவிடக் கனத்தது. பெண்ணாக இருந்திருந்தால் என்ன கேட்பது என்றாவது தெரிந்திருக்கும்.

“சங்கிலியப் பத்திப் பேசினாரா?”

“இல்ல. ரெண்டு பேருக்கும் பேச்சே வரல. அவர்தான் மூங்கிலை எடுத்தார். கையில வேலை இருந்தா வாய் சும்மா இருக்கலாம்ல.”

அவள் வலது கையையே முன்னால் கொடுத்து இழுக்கத் தொடங்கினாள். கரகரவென்ற சத்தம் மெல்ல மெல்லக் கீச்சிட்டது. தோள் வலித்தது. வெட்டிலிருந்து வெள்ளையாகப் புகை நெளிந்தது.

“நான் எடுத்தேன்னு நினைக்கறீங்களா?”

“இழு. நிறுத்தாத.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“இப்ப நிறுத்தினா செத்துடும். இழும்மா.”

இழுத்தாள். புகை தடித்தது. “போதும்” என்று அவன் மூங்கிலைத் தூக்க, கருகிய தூளுக்கு நடுவே கடுகளவு சிவப்பு ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. காய்ந்த நாரைப் பந்தாக்கி அவள் உள்ளங்கையில் வைத்து, அதற்குள் அந்தப் பொறியைச் சரித்தான். பிறகு அவள் கைகளைத் தன் கைகளால் ஏந்திக்கொண்டு ஊதினான். அவளும் குனிந்தாள். ஊதவில்லை, பதிலுக்காகப் புகைக்கு அந்தப் பக்கம் அவன் கண்களைத் தேடினாள். அவை இறுக மூடியிருந்தன. ஓரத்தில் நீர் கோத்திருந்தது.

நார் குபுக்கென்று பற்றியது. “கீழ போடு, சுடும்” என்று அவன் கையை எடுத்துக்கொண்டான். அவள் போடவில்லை. விரல் நுனிகளுக்குத் தள்ளிப் பிடித்தபடி, மஞ்சள் நாக்குக்கு மேலே அவன் இமைகள் எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.