குடிக்காமல் வைத்த கோப்பை

சம்பந்தி பர்ஜஸ் தொலைபேசியில் நீட்டி முழக்கவில்லை. "திங்கட்கிழமை வரைக்கும் துபாய்லதான் இருப்போம். பேசணும்னா இங்க வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த 'இங்க' எது என்று அவருடைய மகன் நிம்ரிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு தீம் பார்க்குக்குள் கட்டிய ஹோட்டல்.

பிரிந்து போன மருமகளை அழைத்துவர எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் போவது புதிதில்லை. என் பாட்டனார் ஒட்டகத்தில் போயிருக்கிறார். என் தகப்பனார் மிஃப்லெஹ் ஒரு தை மாதத்தில் எங்கள் ஊர் கரக்கிலிருந்து பனியில் நடந்தே போயிருக்கிறார். ராட்டினத்தைத் தாண்டிப் போனவர் யாரும் இல்லை. அடுத்த வாரம் அவர்கள் ஊர் திரும்பட்டும், முறையாக அவர் வீட்டுக்கே போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நிம்ரே இன்னொன்றும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை என் மருமகள் தமாதிருக்குத் துபாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்கு நேர்முகத் தேர்வு. கிடைத்துவிட்டால் பிள்ளைகளையும் அங்கேயே சேர்த்துவிடுவாள். அப்புறம் என் மகன் ராத்திப்புக்கு மனைவியும் இல்லை, எனக்குப் பேரப்பிள்ளைகளும் இல்லை.

வெள்ளிக்கிழமைக்கு விமானச் சீட்டு எடுத்தேன். இதற்குக் குறைந்தது பத்துப் பேர் போக வேண்டும். நான் என் தம்பி சுவைலிமை மட்டும் அழைத்துப் போனேன்.

நடந்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமாதிர் கரக்கில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தாள். போன இலையுதிர் காலத்தில் மாணவிகளை ஒரு போட்டிக்காகத் தலைநகர் அம்மானுக்குக் கூட்டிப் போய் மூன்று நாள் தங்கினாள். பரிசு வாங்கினார்கள். பத்திரிகையில் அவள் படம் வந்தது. ஒரு துக்க வீட்டில் நாற்பது ஆண்களுக்கு நடுவே ஒருவன், "உங்க மருமக இப்ப உங்களைவிடப் பேர் வாங்கிட்டாளே" என்று சிரித்தான். அடுத்த வாரம் ராத்திப் அவள் பெயரில் ஒரு விலகல் கடிதத்தைப் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்தான். கையெழுத்தும் அவனே போட்டிருந்தான். எங்கள் வீட்டுப் பெயரை நம்பித் தலைமையாசிரியை வாங்கிக்கொண்டாள். மறுநாள் வகுப்புக்குப் போன தமாதிர், தன் மேசையில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அங்கிருந்து நேராகத் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஊர் முழுக்க ராத்திப்பைத்தான் குறை சொன்னது. கடிதத்தை எழுதியது அவன் கைதான். வரி வரியாகச் சொன்னவன் நான். இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எங்கள் பக்கத்தில் கோரிக்கையோடு போகிறவன் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் தன் முன்னால் வைப்பான். "குடிங்க, வந்த காரியம் ஆச்சு" என்று பெண்ணின் தகப்பன் சொன்ன பிறகுதான் கோப்பையைத் தொடுவான். அந்தச் சொல் வந்துவிட்டால் யார் தப்பு, எதற்காகத் தப்பு என்று மேற்கொண்டு யாரும் கிளறுவதில்லை. அதற்கு முன்னால் அவனே குடித்துவிட்டால் கோரிக்கையைக் கைவிட்டான் என்று பொருள். அந்த வழக்கத்தை நம்பித்தான் நான் போனேன். கிளறாமல் விடுவார்களே என்பதற்காக.

ஹோட்டல் வாசலில் பச்சைக் கால்சட்டை போட்ட ஆளுயர நரிப் பொம்மை ஒன்று வருகிறவர்களையெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கைகளை விரித்தது. நான் நின்ற நிலையைப் பார்த்து மடக்கிக்கொண்டது. உள்ளே ஒரு பெண் என் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்ட வந்தாள். அது இருந்தால்தான் சாப்பாட்டுக்கூடத்துக்குள் விடுவார்களாம்.

"நான் யாரைப் பார்க்க வந்த விருந்தாளின்னு சொல்ல எனக்குப் பட்டை வேணாம்மா" என்றேன்.

சுவைலிம் இரண்டு கையையும் நீட்டினான். "ரெண்டையும் எனக்கே கட்டிடும்மா. அண்ணன் கையும் என் கையும் ஒண்ணுதான்."

பர்ஜஸ் எழுந்து வந்து தோளோடு தோள் சேர்த்து வரவேற்றார். தனியறை கிடைக்குமா என்று நான் முதல் நாளே கேட்டிருந்தேன். பிறந்தநாள் கொண்டாடும் அறை ஒன்றுதான் இருந்ததாம். அதிலும் யாரோ பலூன் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் பொதுக்கூடத்திலேயே ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தோம். வெளியே ஒரு ரயில் தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து அலறல் வந்துகொண்டேயிருந்தது.

"அபூ ராத்திப், மன்னிச்சுக்கணும்" என்றார் பர்ஜஸ், ராத்திப்பின் தகப்பன் என்று மகன் பெயரால் என்னை அழைத்து. "என் வீடா இருந்தா ஆடு அறுத்திருப்பேன். இங்க நானும் விருந்தாளிதான். தட்டை எடுத்துக்கிட்டுப் போய் நாமளே போட்டுக்கணும்."

அவர் முகம் சிவந்திருந்தது. அந்தச் சங்கடம் எனக்குப் புரிந்தது. அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே குறைந்தது. ஆனாலும் எழுபத்திரண்டு வயதில் தட்டோடு வரிசையில் நிற்க எனக்கு மனம் வரவில்லை. பசியில்லை என்றேன். சுவைலிம் போய் மூன்று தட்டில் கொண்டுவந்தான்.

"நம்ம ஊரு ஆட்டுக்கறிச் சோறு, மன்சஃப் இருக்குண்ணே. பக்கத்துலயே நூடுல்ஸ். தயிர்க்குழம்பைச் சின்னக் கிண்ணத்துல வெச்சிருக்கான், குழந்தைக்கு மருந்து புகட்டற மாதிரி."

அப்போது தமாதிர் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். பிள்ளைகளை விளையாட்டுக்கூடத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். "வாங்க மாமா, பயணம் சௌகரியமா இருந்துச்சா?" என்றாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

இந்த மாதிரிப் பேச்சில் பெண் உட்காருவது எங்கள் வழக்கமில்லை. நான் பர்ஜஸைப் பார்த்தேன்.

"இது ஆறு பேர் மேசை அபூ ராத்திப்" என்றார் அவர். "அவளை எங்க அனுப்பறது, ராட்டினத்துக்கா?"

காப்பி வந்தது. கொண்டுவந்தவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், பிலிப்பைன்ஸ்காரி. சட்டையில் மாரிசெல் என்று பெயர் எழுதியிருந்தது. கூஜாவை இடது கையிலும் கோப்பையை வலது கையிலும் பிடித்து, கால் கோப்பைதான் ஊற்றினாள். யாரோ முறையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வாங்கி, குடிக்காமல் என் முன்னால் வைத்தேன்.

பர்ஜஸ் கோப்பையைப் பார்த்தார். காக்கவைப்பது பெண் வீட்டாரின் உரிமை. காத்திருப்பது என் கடமை. மழையைப் பற்றியும் ஆலிவ் விளைச்சலைப் பற்றியும் பேசினோம்.

ஐந்து நிமிடத்தில் மாரிசெல் வந்தாள். "காப்பி சூடு போச்சு ஐயா. மாத்தறேன்" என்று எங்கள் மொழியில் தடுமாறிச் சொல்லி, நான் வாயைத் திறப்பதற்குள் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கோரிக்கைக் கோப்பையை மூன்றாம் ஆள் தூக்கிக்கொண்டு போய் நான் கேள்விப்பட்டதே இல்லை. சுவைலிம் குனிந்து தாடியைச் சொறிந்தான். சிரிப்பை மறைக்கிறான் என்று தெரிந்தது. புதுக் கோப்பை வந்தது. அதையும் வைத்தேன். அதுவும் ஆறியது. அதையும் எடுத்துப் போனாள், இந்த முறை கண்ணில் கலக்கத்தோடு.

மூன்றாவது கோப்பையோடு மேலாளரும் வந்தார். ரஷ்வான் என்ற எகிப்துக்காரர். கையில் ஒரு தட்டையான கருவி. கூடவே யாரும் கேட்காத ஒரு கேக்கும் வந்தது. மாரிசெல் அவருக்குப் பின்னால் கைகட்டி நின்றாள்.

"ஹாஜ், எங்க சேவைல என்ன குறைன்னு சொல்லணும்" என்றார் ரஷ்வான்.

"ஒரு குறையும் இல்ல தம்பி. இது எங்க வழக்கம்" என்று சுவைலிம் விளக்கினான்.

ரஷ்வான் பொறுமையாகக் கேட்டார். "புரியுது. ஆனா எங்க ஊர்ல காப்பி குடிக்கறதுக்குத்தான். ரெண்டு தடவை அப்படியே திரும்பி வந்திருக்கு. மூணாவதும் திரும்பினா பரிமாறினவங்க பேர்ல குறை ஏறிடும். நான் எழுதறதில்ல ஹாஜ், இந்தக் கருவி தானா எழுதிக்கும். இந்தம்மாவுக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, இன்னொண்ணு ஏறினா வேலைக்கே ஆபத்து. காப்பி நல்லா இருக்குன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நான் மாத்திடலாம்."

"குடிக்காம எப்படிச் சொல்றது?" என்றேன்.

"அதுக்குத்தான் குடிக்கச் சொல்றேன்."

நான் பர்ஜஸைப் பார்த்தேன். அவர் மனம் இளகியிருந்தது, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அந்நிய ஆள் பக்கத்தில் நிற்கும்போது மகளைத் திருப்பி அனுப்பும் சொல்லை எந்தத் தகப்பனும் சொல்லமாட்டார். ரஷ்வானோ பதில் கிடைக்காமல் நகருகிறவராக இல்லை. "அப்புறம் சொல்றேன்" என்று அனுப்பிவிட என்னால் முடிந்திருக்கும். இரண்டு நிமிடத்தில் காரியம் முடிந்திருக்கும்.

மாரிசெல் என்னைப் பார்க்கவில்லை. கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்து வாசலில் அன்று தமாதிர் எப்படி நின்றிருப்பாள் என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. அங்கேதான் நினைத்தேன்.

எடுத்துக் குடித்தேன். ஏலக்காய் கொஞ்சம் கூடுதல், மற்றபடி நல்ல காப்பி.

"நல்லா இருக்கு" என்றேன். "மூணு தடவையும் இந்தம்மா முறையாத்தான் கொடுத்தாங்க. அவங்க மேல ஒரு குறையும் இல்ல. என் பேரைப் போட்டே எழுதிக்குங்க."

ரஷ்வான் எதையோ தட்டினார், நன்றி சொன்னார். இருவரும் போனார்கள்.

"அண்ணே, குடிச்சிட்டீங்க" என்றான் சுவைலிம் மெதுவாக.

"தெரியும்."

பர்ஜஸ் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "அப்ப இதுக்கு என்ன அர்த்தம் அபூ ராத்திப்? பேச்சு முடிஞ்சுதா?"

நான் பதில் சொல்வதற்குள் தமாதிர் பேசினாள். குரல் உயரவில்லை.

"மாமா, அந்தம்மா வேலைக்கு நீங்க சாட்சி சொன்னீங்க. என் வேலைக்கு யார் சொல்றது?"

கோப்பை காலியாகிவிட்டது. அதன் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. என் தகப்பனார் பெயரை மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.

"கடிதத்தை எழுதினது ராத்திப். எழுதவெச்சது நான். ஒவ்வொரு வார்த்தையும் நான் சொன்னது. துக்க வீட்டுல ஒருத்தன் சிரிச்சான்னு செஞ்சேன்."

சுவைலிம் என்னை ஏறிட்டுப் பார்த்தான். அவனுக்கும் அது புதுச் செய்தி. பர்ஜஸ் இரண்டு கையையும் மேசையில் ஊன்றி எழுந்தார். "நாலு மாசம்" என்றார். "நாலு மாசமா என் மக என் வீட்டுல அழுதா. நீங்க பெரிய மனுஷனா காப்பிக் கோப்பையை வெச்சுக்கிட்டு என் எதிர்ல உட்கார்ந்தீங்க. நானும் தரேன்னு சொல்ல இருந்தேன்."

"சொல்லியிருந்தா நானும் வாயை மூடிக்கிட்டுக் கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்றேன். "அதுவும் உண்மை."

"உட்காருங்கப்பா" என்றாள் தமாதிர். "எனக்கு இது முன்னாடியே தெரியும்."

நான் அவளைப் பார்த்தேன்.

"'இக்குடும்பத்தின் கண்ணியத்தை முன்னிட்டு'ன்னு ராத்திப்புக்கு எழுத வருமா மாமா? அவர் கடைக்குச் சீட்டு எழுதினாலே நாலு பிழை இருக்கும். தலைமையாசிரியை அந்தக் கடிதத்தைக் காட்டின அன்னிக்கே புரிஞ்சுபோச்சு. அவர் கையெழுத்துப் போட்டாரு, அந்தக் கோபம் அவர் மேல தனியா இருக்கு. நீங்களா சொல்றீங்களான்னுதான் காத்திருந்தேன். சொல்லமாட்டீங்கன்னுதான் இங்க வேலை தேடினேன்."

"இப்ப என்ன செய்யணும், சொல்லு" என்றேன். ஒரு பெண்ணிடம் அந்தக் கேள்வியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அவள் தன் கைபேசியில் ஒரு எண்ணைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்தாள். "நௌஃபா அம்மா, எங்க தலைமையாசிரியை. வெள்ளிக்கிழமை வீட்டுலதான் இருப்பாங்க. எங்கிட்ட சொன்னதை அவங்ககிட்ட சொல்லுங்க."

"இங்கேயா?"

"இங்கேயேதான். நான் கேட்கணும்."

பக்கத்து மேசையில் நரிப் பொம்மையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தனியிடம் போகலாமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன். மணி நான்கு முறை அடித்து எடுத்தார்கள். யார் என்று கேட்டார்கள். என் பெயர், என் தகப்பனார் பெயர், பாட்டனார் பெயர், குலப்பெயர், எல்லாவற்றையும் முழுதாகச் சொன்னேன். பிறகு கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். என் மருமகளுக்கு அதில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது என்றேன்.

அந்தப் பக்கம் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது.

"இதை எழுதித் தருவீங்களா?" என்றாள் நௌஃபா. "உங்க பேரைப் போட்டு? நிர்வாகக் குழுவுல நான் வாசிக்கணும். அந்தக் குழுவுல உங்க சொந்தக்காரங்க மூணு பேர் இருக்காங்க."

"மூணு பேரும் இருக்கும்போதே வாசிங்க" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை காலையில நானே கொண்டுவந்து தர்றேன்."

"இந்தப் பருவம் முடியற வரைக்கும் வேற டீச்சர் இருக்காங்க. அடுத்த பருவத்துக்குத் தமாதிரோட இடம் அவளுக்கே."

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். தமாதிர் அதை வாங்கிப் பைக்குள் வைத்தாள். தகப்பனைப் பார்த்தாள். பர்ஜஸ் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். பிறகு கனமாக உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை நேர்முகத்துக்கு நான் போகலை" என்றாள். "பள்ளிக்கூடம் திறக்கற வாரம் கரக்குக்கு வர்றேன். அதுவரைக்கும் அப்பா வீட்டுல இருப்பேன். ராத்திப்பை ஒரு நாள் வரச் சொல்லுங்க. பெரியவங்க யாரும் வேண்டாம். அவர் மட்டும் வந்து பேசட்டும்."

"சொல்றேன்" என்றேன்.

பிள்ளைகளை அழைத்துவருவதாகச் சொல்லி அவள் எழுந்து போனாள்.