நீரும் நீங்களும்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, இடம்பெயர்ந்து வந்து கொக்குவிலில் யாரோ ஒருவருடைய வீட்டு அறையில் இருந்த அன்னபூரணத்துக்கு ஒரு கடிதம் வந்தது. நெடுந்தீவிலிருந்து கைமாறிக் கைமாறி வந்து, மடிப்பெல்லாம் கிழிந்துபோன கடிதம். முதல் வரியில் இரண்டே சொல்: "நீர் சுகமோ?" அதற்குமேல் வாசிக்க முடியாமல் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

இதில் அழ என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். எதிரே நிற்பவரோடு பேச யாழ்ப்பாணத்தாருக்கு மூன்று சொல் உண்டு. சின்னவர்களுக்கு நீ, பெரியவர்களுக்கு நீங்கள், இரண்டுக்கும் நடுவே ஒரு நீர். மரியாதை கொடுத்த மாதிரியும் இருக்கும், கொடுத்ததில் பாதியைக் கையிலே வைத்துக்கொண்ட மாதிரியும் இருக்கும்.

எண்பத்து நாலாம் ஆண்டு றோசம்மா நாரந்தனைக்குப் படிப்பிக்க வந்தாள். நாரந்தனையும் தீவுதான், அவளுடைய ஊர் அதற்கும் அப்பால், நெடுந்தீவு. தினமும் கடல் தாண்டி வந்துபோக முடியாததால், கிழமை நாட்களில் அன்னபூரணத்தின் வீட்டிலே தங்கினாள். அன்னபூரணமும் அதே பள்ளிக்கூடத்து ஆசிரியைதான். இருவருக்கும் ஒரே படிப்பு, ஒரே உத்தியோகம். வயதில் றோசம்மாதான் நாலு மாதம் மூப்பு. ஆனாலும் வந்த அன்றே அவள் "அக்கா, நீங்கள்" என்றாள். அன்னபூரணம் "றோசம்மா, நீர்" என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது தன்பாட்டில் நடந்தது.

என்ன அருமையான காலம் அது! திங்கட்கிழமை என்றால் றோசம்மா ஒரு முட்டித் தயிரோடு வந்து இறங்குவாள். பின்னேரங்களில் இருவரும் விறாந்தையில் இருந்து பிள்ளைகளின் கொப்பி திருத்துவார்கள். தன்னை அறியாமல் றோசம்மா மாதா பாட்டு ஒன்றை முணுமுணுப்பாள். கொஞ்ச நாளில் குசினியில் அடுப்பூதிக்கொண்டிருந்த அன்னபூரணத்தின் தாய் இலட்சுமிப்பிள்ளைக்கும் அந்த மெட்டுப் பிடித்துவிட்டது. நெற்றி நிறைய விபூதியோடு அவள் மாதா பாட்டு முணுமுணுப்பதைக் கேட்டு இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் இடைவேளைத் தேத்தண்ணி பொம்பிளை ரீச்சர்மாரின் பாடு. மணி அடித்ததும் ஆண் ஆசிரியர்கள் கதிரையில் சாய்ந்துவிடுவார்கள். பொம்பிளை ரீச்சர்மாருக்குள்ளே அது எப்படியோ றோசம்மாவின் பாடாகிப் போயிற்று. நெடுந்தீவில் குதிரைகள் கட்டாக்காலியாகத் திரிவது ஊரறிந்த விஷயம். அதிபர் அரியநாயகம் அவள் கையால் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, "றோசம்மா, உங்கட ஊரிலை குதிரையிலோ பள்ளிக்கூடம் போறது?" என்பார். கிழமைக்கு ஒருக்கால் தவறாமல் கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள், றோசம்மாவும் சிரிப்பாள். அன்னபூரணம் எல்லாரையும்விடக் கொஞ்சம் கூடவே சிரித்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் காது சுடும்.

அந்த வருஷப் பரிசளிப்பு விழாவில் றோசம்மா மேடையேறிப் பேசினாள். சனம் மூச்சுக் காட்டாமல் கேட்டது. இறங்கி வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு அன்னபூரணம் மனம் நிறையச் சொன்னாள்: "றோசம்மா, உம்மைப் பாத்தா நெடுந்தீவு எண்டு சொல்லவே ஏலாது!"

"ஓம் அக்கா," என்றாள் றோசம்மா.

அன்று பின்னேரம் கொப்பி திருத்தும்போது பாட்டு வரவில்லை. தொண்டை கட்டிவிட்டதாக்கும் என்று அன்னபூரணம் மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தாள். நல்ல மனுசிதான், நோவு எங்கே என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

எண்பத்தாறு ஆவணியில் அன்னபூரணத்தைப் பெண் பார்க்க வந்தார்கள். அவளுக்கு இருபத்தொன்பது. ஊர்வாய்க்கு அது முப்பத்தைந்து. நாலு சம்பந்தம் தட்டிப்போய், இது ஐந்தாவது. மாப்பிள்ளை தீவில்லை, வலிகாமத்துப் பக்கம், அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம். இதுவும் பொருந்தாவிட்டால் இனி ஆள் வராது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அன்னபூரணத்துக்கு ஆசையும் இருந்தது. படத்தில் பார்த்த முகம் பிடித்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை றோசம்மா வீட்டுக்குப் போகவில்லை. பலகாரத்துக்கு அரியதரம் சுட்டாள், சேலை உடுத்திவிட்டாள், தலை பின்னிவிட்டாள். ஆறு பேர் வருவதாகச் சொல்லிப் பதினொரு பேர் வந்து இறங்கியதால், இரண்டாவது தட்டத்தைத் தூக்கிக்கொண்டு அவளும் விறாந்தைக்கு வரவேண்டியதாயிற்று.

மாப்பிள்ளையின் பெரியதாய் அன்னபூரணத்தை அருகே இருத்தினாள். நாலு கேள்வி கேட்டாள். பதிலைக் கேட்டு மகிழ்ந்து, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அச்சாப் பிள்ளை! பாத்தா தீவு எண்டு சொல்லவே ஏலாது."

இலட்சுமிப்பிள்ளைக்கு வாயெல்லாம் பல். அன்னபூரணத்துக்கு மட்டும் அது எங்கேயோ கேட்ட வசனமாக இருந்தது. எங்கே? தன் வாயிலேதான். அதே இழுவை, அதே "சொல்லவே", கையைப் பிடித்த அதே பிடி. நெஞ்சில் நெருஞ்சி முள்ளுப் போல ஒன்று குத்தியது. நிமிர்ந்தாள். தட்டத்தோடு நின்ற றோசம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இப்போது தெரிகிறதா என்று கேட்டது, அவ்வளவுதான்.

"இது ஆர் பிள்ளை?" என்றாள் பெரியதாய்.

"உதவிக்கு நிக்கிற பிள்ளை," என்றாள் இலட்சுமிப்பிள்ளை அவசரமாக.

"இல்லை மாமி," என்றாள் அன்னபூரணம். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. "இவ ரீச்சர். என்னோடை படிப்பிக்கிறா. நெடுந்தீவு. நானும் தீவுதான் மாமி. அதைச் சொல்ல ஏலும், சொன்னாக் குறைவில்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அரியதரம் கடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாம் நாள் தரகர் மார்க்கண்டு வந்தார். "பிள்ளையிலை ஒரு குறையும் இல்லையாம். வாய்தான் கொஞ்சம் கூடவாம்," என்றார். அன்றைக்கு மாப்பிள்ளையின் சித்தப்பா ஒரு மணித்தியாலம் ஒருவரையும் பேசவிடாமல் கதைத்தவர். அவருக்கு வாய் கூட என்று யாரும் சொல்லவில்லை. அது ஆம்பிளை வாய்.

"நுணலும் தன் வாயாலை கெடும்," என்று சொல்லிச் சொல்லி இலட்சுமிப்பிள்ளை அழுதாள். அன்னபூரணம் கிணற்றடிக்குப் போய் அழுதாள். றோசம்மா பின்னாலேயே வந்தாள்.

"எனக்காக ஏனக்கா உங்கட வாழ்க்கையைக் கெடுத்தனீங்கள்?"

"உங்களுக்காக இல்லை, றோசம்மா. நான் உங்களுக்குச் சொன்னதைத்தான் அவ எனக்குச் சொன்னா. அப்பதான் எனக்கு நொந்தது. நீங்கள் என்னை மன்னிக்கோணும்."

றோசம்மா திடுக்கிட்டுப் போனாள். "என்னக்கா, என்னை நீங்கள் எண்டுறியள்? என்னோடை கோவமோ?"

அதுவும் உண்மைதான். அந்தப் பக்கத்தில் கோபித்துக்கொண்ட சிநேகிதர்தான் திடீரென்று நீங்கள் போடுவார்கள். பக்கத்தில் நிற்பவரைத் தள்ளி நிறுத்தவும் அதே சொல்தான். அன்னபூரணம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இல்லை, மரியாதைக்கு..." என்று இழுத்தாள்.

"வீட்டுக்கு வாற ஆக்களுக்கு அந்த மரியாதையைக் குடும். எனக்கு நீர் எண்டே சொல்லும்."

நீங்களுக்குரிய சொல்லுங்கோ இல்லை, நீருக்குரிய சொல்லும்! இருவருக்கும் அது கேட்டது. அன்னபூரணத்துக்கு ஒரு கணம் சுருக்கென்றது, அதை மறைப்பானேன். றோசம்மா விடவில்லை. "நானும் இனி அப்பிடித்தான் சொல்லுவன். உம்மைவிட நாலு மாசம் மூப்பு நான், தெரியுமோ? அழுதது காணும், மூக்கைத் துடையும், அன்னபூரணம்."

அழுகைக்கு நடுவில் அன்னபூரணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளுக்குக் கலியாணம் ஒன்றும் சரிவரவில்லை. அந்தப் படத்து முகம் எப்போதாவது நினைவில் வந்து போகும், கவலையாகத்தான் இருக்கும். ஆனால் அதன் பிறகு நாலு வருஷம், அந்த விறாந்தையில் நீரும் நீருமாகக் கொப்பி திருத்தினார்கள். பாட்டும் திரும்பி வந்தது.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் எல்லாம் சிதறியது. றோசம்மா நெடுந்தீவுக்குப் போனாள். அன்னபூரணம் ஒரு பெட்டியோடு கொக்குவிலுக்கு வந்தாள். இங்கே அவளைச் சிலர் தீவுப் பிள்ளை என்கிறார்கள், சிலர் ரீச்சர், நீங்கள் என்கிறார்கள். தாயும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நீர் என்று சொல்ல இந்த ஊரில் ஒரு சீவன் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியை வாசித்தாள். "நான் இப்ப இஞ்சை அதிபர். தேத்தண்ணி முறைவைச்சுத்தான் போடுறம். மாஸ்டர்மார் போடுற தேத்தண்ணி வாயிலை வைக்க ஏலாது, எண்டாலும் விடமாட்டன். அரியநாயகம் மாஸ்டரை எங்கையாவது கண்டால், நான் குதிரையிலைதான் பள்ளிக்கூடம் போறனான் எண்டு சொல்லும்."

சத்தம்போட்டுச் சிரித்தாள். பக்கத்து அறையிலிருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அன்னபூரணம் கொப்பித்தாள் ஒன்றைக் கிழித்து, பேனையைத் தேடி எடுத்து எழுதினாள்:

"நான் சுகம். நீர்?"