திரையில் பெய்யாத மழை

புயலும் மழையும் எங்கே நகர்கின்றன என்று திரையில் காட்டும் மென்பொருள் செய்கிற செம்பூர் நிறுவனத்தில் எனக்கு வேலை. டிராம்பே மலைமேல் ரேடார் அலை மோதினால் திரையில் அதுவும் மழையாகவே தெரியும். அதற்காக அந்தப் பகுதி முழுவதையுமே படத்தில் மறைத்துவிட்டார்கள். மலையோடு சேர்ந்து, அதன் அடிவாரத்தில் நாங்கள் குடியிருக்கும் சீத்தா கேம்ப்பும் மறைந்துபோனது. எவ்வளவு கொட்டினாலும் அங்கே திரை வெள்ளையாகவே இருக்கும். அதைச் சரிசெய்யச் சொல்லி அலுவலகத்தில் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன்.

"அந்த ஏரியால நமக்கு கஸ்டமரே இல்லையேம்மா," என்றார் மேலாளர் வரதன். அத்தனை ஆயிரம் பேர் குடியிருக்கும் இடம், கணக்கிலேயே இல்லையாம்!

இன்று காலை வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. ஒரு கையால் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் இழுத்துக்கொண்டே லீவு கேட்டு அவருக்கு ஃபோன் செய்தேன்.

"ரெபேக்கா, கதை விடாதே. ஸ்க்ரீன் என் எதிர்லதான் இருக்கு. உங்க ஏரியால ஒரு துளி மழை இல்லை."

மூட்டையைக் கட்டில்மேல் தள்ளிவிட்டு நிமிர்ந்தேன்.

"சார், இப்பவே வீடியோ கால் போடுதேன், எடுங்க. நீங்க ஸ்க்ரீன்ல அழிச்ச மழை, இங்க என் முழங்கால் வரைக்கும் நிக்கு."