ஏலம் ஐந்து நிமிடம் நீட்டிக்கப்பட்டது

ஏலம் தொடங்கி நான்கு வருடமும் இரண்டு மாதமும் ஆன அன்று காலையில் ரஞ்சனி தன் அப்பா செல்லக்கண்ணுவிடம், "இத விட்டுடலாம்ப்பா" என்று கேட்டாள். இந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று அம்மா வள்ளிக்கண்ணு முதல் வருடமே சொல்லிவைத்திருந்தாள். செல்லக்கண்ணு பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மணி எவ்வளவு ஓடுது பாரு என்றார். மூன்று நிமிடம் பத்து விநாடி இருந்தது.

ஏலத்துக்கு வந்தது ஒரு பழைய வெள்ளைக் கார். யாரோ தவணை கட்டாமல் விட்டதை, கடன் கொடுத்த கம்பெனி இழுத்து வந்து மன்னார்புரம் தாண்டி ஒரு யார்டில் நிறுத்தியிருந்தது. லால்குடிப் பக்கம் சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் பங்காளி தைரியராஜ் காரில் வந்து இறங்கியதுதான் ஆரம்பம். அடுத்த திருவிழாவுக்குத் தானும் காரில்தான் போவது என்று செல்லக்கண்ணு முடிவு செய்தார். புதுக் காருக்கு வழியில்லை. ஆன்லைன் ஏலத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்றார்கள். அந்த வம்சத்திலேயே காலேஜ் முடித்தவள் ரஞ்சனி ஒருத்திதான் என்பதால் அவள் பேரில், அவள் போனில் பதிந்தார்கள். படிக்கவைத்ததற்கு இதையாவது செய்யட்டும் என்று பேச்சு.

ஏலம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு முடிவதாக இருந்தது. கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது விலையை ஏற்றினால் கடிகாரம் மறுபடி ஐந்து நிமிடத்துக்குப் போய்விடும் என்பது விதி. மூன்று ஐம்பத்தெட்டுக்கு ரஞ்சனி ஆயிரம் ரூபாய் ஏற்றினாள். இன்னொரு ஆளும் ஆயிரம் ஏற்றினார். பேர் தெரியாது, 'ஏலதாரர் 2' என்று மட்டும் வரும். அது தைரியராஜ்தான் என்று செல்லக்கண்ணு அந்த நிமிடமே சொல்லிவிட்டார். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. ஏத்து என்றார், ஏற்றினாள். அன்று இருட்டுவதற்குள் விலை புதுக் காரின் விலையைத் தாண்டியது. ஒரு வருடத்தில் மன்னார்புரத்தையே வளைத்து வாங்கிவிடும் அளவுக்குப் போய், திரையில் ஒரே வரியில் அடங்காமல் இரண்டு வரியாக வந்தது. ஜெயித்தால் கட்டப் பணமில்லை, தோற்றால் பங்காளி சிரிப்பான், நடந்துகொண்டே இருந்தால் இரண்டும் இல்லை. செல்லக்கண்ணு இப்படித்தான் யோசித்தார். அதில் யாராலும் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டதற்கு, ஏலம் நடப்பில் உள்ளது என்று பதில் வந்தது.

ஒவ்வொரு முறை விலை ஏற்றும்போதும் போன் ரஞ்சனியின் விரல் ரேகையைக் கேட்கும். அதனால் வேறு யாரும் அவளை மாற்றிவிட முடியாது. அவள் நாலரை நிமிடத் துண்டுகளாகத் தூங்கப் பழகினாள். கனவுகளும் பழகிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு இரும்புச் சத்து மாத்திரை எழுதினார். பரீட்சை ஹாலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் சர்க்கார் வேலைக்கு எழுதவில்லை. வேலைக்கு வரச்சொல்லி மூன்று கடிதம் வந்தது, மூன்றையும் அம்மா பீரோவில் பத்திரமாக வைத்தாள். பெண் பார்க்க வந்தவர்கள், பொண்ணு ஏலத்தோடு வந்தாலும் எங்களுக்குப் பரவாயில்லை, முடிஞ்சா கார் யாருக்கு என்று கேட்டார்கள். அந்த இடம் தட்டிப்போனது. முதல் வருடம் ரஞ்சனிக்குக் கோபம் வந்தது. அப்புறம் எந்தக் கோபமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் போனது. பொன்மலை ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் தெருவில் எல்லோரும் மணி பார்ப்பார்கள், அவள் மட்டும் போனைப் பார்ப்பாள்.

ஏலம் கேட்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைப் போய்ப் பார்க்கலாம். நான்கு வருடத்தில் அது யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவிடம் அவள் கேட்டாளே, அதற்கு முந்தின நாள், வழியெல்லாம் பஸ்ஸில் விலை ஏற்றிக்கொண்டே யார்டுக்குப் போனாள். ஏல வெப்சைட்டில் இருந்த போட்டோவில் கார் அன்று போலவே பளபளவென்று இருந்தது. யார்டில் அதன் பானெட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு வேப்பமரம் நின்றது, பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மூணாவது தலைமுறைக் கோழி என்றார் வாட்ச்மேன் நசுருதீன். காருக்கு அந்தப் பக்கம் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, கையில் போனோடு நின்றாள். ரஞ்சனி ஏற்றினாள், அந்தப் பெண்ணின் போன் ஒலித்தது. அவள் ஏற்றினாள், ரஞ்சனியின் போன் ஒலித்தது. மூன்றாவது முறை இருவரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள்.

"நீயாடியம்மா அது?" என்றாள் அவள். பேர் வேதவதி, ஸ்ரீரங்கத்தில் ஸ்கூல் டீச்சர், நான்கு வருடமாகச் சம்பளமில்லாத லீவு. எதிரில் கேட்பது தன் தம்பி ஜகன்னாத்தான் என்று அவள் கணவர் வரது நம்பிக்கொண்டிருந்தார். கோயிலில் முதல் தீர்த்தம் யாருக்கு என்ற தகராறில் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை. ஜெயித்தவர் பணம் கட்டாவிட்டால் பதியும்போது கட்டிய டெபாசிட் மட்டும்தான் போகும் என்று ரஞ்சனி சொன்னாள். அந்த விதிகளை முழுக்கப் படித்தவள் அவள் ஒருத்திதான். டெபாசிட் போனால் போறது, உசிரா போறது என்றாள் வேதவதி.

"அப்ப நான் நிறுத்திடுறேங்க. அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு."

"கேட்டா நிறுத்த முடியாதுடி. நான் வைகுண்ட ஏகாதசியன்னிக்கு எங்காத்துக்காரர்கிட்ட கேட்டேன். பவர் பேங்க் வாங்கிக் குடுத்தார்."

இருவரும் ஆளுக்கொரு முறை ஏற்றிவிட்டு பஸ் ஏறினார்கள்.

அதைத்தான் மறுநாள் காலை ரஞ்சனி அப்பாவிடம் சொன்னாள். ஏலதாரர் 2 தைரியராஜ் இல்லை, ஸ்ரீரங்கத்து டீச்சர் ஒருத்தி, அவளை நேரில் பார்த்துப் பேசிவிட்டு வந்தேன் என்றாள். செல்லக்கண்ணு பேப்பரை மடித்தார். ஒரு நிமிடம் முழுதாக யோசித்தார்.

"பங்காளிகிட்ட தோத்தாலும் சொந்தத்துக்குள்ள. யாரு எவருன்னே தெரியாதவங்ககிட்ட தோக்கச் சொல்றியா?"

அடுப்படியிலிருந்து அம்மா, "மொதல்ல ஏத்திட்டு அப்புறம் பேசுடி" என்றாள்.

ரஞ்சனி போனை மேஜைமேல் வைத்தாள். கன்டோன்மென்ட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ் இருக்கிறது. உள்ளே வருபவர்கள் போனை வாசலிலேயே பூட்டி வைத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அதற்காகவே அந்த ஆபீஸைத் தேடிப் பிடித்து, இன்று சேர்ந்துகொள்கிறேன் என்று நேற்று சாயங்காலமே சொல்லிவிட்டிருந்தாள். லேடீஸ் ஹாஸ்டலுக்கும் சொல்லியாயிற்று. பை நேற்றே கட்டியாகிவிட்டது. போன் இனி அவளுக்கு வேண்டாம்.

செல்லக்கண்ணு போனில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று பத்தையும் வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்தார். போன் ஒன்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவருக்குக் கோபமெல்லாம் இல்லை, குரலும் உயரவில்லை.

"விரல வச்சுட்டாவது போ."

"போயிட்டு வரேன்ப்பா" என்றாள் ரஞ்சனி. செருப்பை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டு, கேட்டைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினாள். ஏலத்துக்கு இன்னும் நாற்பது விநாடி இருந்தது. பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருந்தது.