கடைசி வண்டிக்கு முன்னால்

ஓட்டம் தொடங்கிக் கொஞ்ச தூரம் போனதும் அத்தானின் வேகம் குறைந்தது. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. தன் விரலையும் அக்கா கணவரின் விரலையும் ஒரு ஷூ நாடாவால் இணைத்துக்கொண்டு ஓடினாள். வளைவு, மேடு, பள்ளம் என்று அவர் சொல்லிக்கொண்டே வருவார். அவர் வேகம் குறைந்தால் நாடா பின்னால் இழுக்கும். இப்போது இழுத்தது. பத்துப் பன்னிரண்டு எட்டில் தானாகவே சரியாகிவிட்டது.

"என்ன அத்தான், மூச்சு வாங்குதா?"

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன். வலது பக்கம் லேசா வளையுது, வா."

ஏரிக்கரை ஆஸ்பத்திரியின் விசாரணைத் தொலைபேசியில் அவளுக்கு வேலை. எந்த வார்டு, எந்த மாடி, எப்போது பார்க்கலாம் என்று நாள் முழுக்கப் பதில் சொல்கிறவள், வீட்டுக்கு வந்ததும் அதற்கெல்லாம் சேர்த்துக் கேள்வி கேட்பாள். அதனால் அக்கா அவளுக்கு வைத்த பெயரே 'கேள்வி'. ஏரி எவ்வளவு பெரிசு, தண்ணீர் எப்படி மின்னும், கரையோரம் ஓடுகிறவர்கள் எதைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் தானே ஓடுவதாகச் சொல்லிவிட்டாள்.

கோடைக்கால ஓட்டம், சின்னத் தூரம்தான். ஆனால் ஒரு விதி இருந்தது. ஓடுகிறவர்களுக்குப் பின்னால் ஒரு வேன் மெதுவாக வரும். அது எட்டிப் பிடித்துவிட்டால் ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டும். அதன் பின்னால் சாலையைத் திறந்துவிடுவார்கள்.

"அந்த வேன்ல மட்டும் நான் ஏற மாட்டேன் அத்தான்," என்று முதல்நாளே சொல்லியிருந்தாள். "பள்ளிக்கூடம், வேலை, கல்யாண வீடு, எல்லா இடத்துக்கும் யாரோ கொண்டுபோய் விட்டுத்தான் போயிருக்கேன். நானா போய்ச் சேர்ந்த இடம்னு ஒண்ணாவது வேணும். கயிறு இருக்கட்டும். கால் என்னோடதா இருக்கணும்."

புறப்படும்போது அதையேதான் கடவுளிடமும் ஒரு வரியில் வேண்டிக்கொண்டாள்.

மறுபடி நாடா இழுத்தது.

கிளம்பும்போது அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. "அவரு பஸ் ஓட்டுற ஆளு, ஓடுற ஆளு இல்ல. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டா நீதான்டி பொறுப்பு." அவளுக்குப் பயம் வந்தது. வாய் திறந்து சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று, அவளே வேகத்தைக் குறைத்தாள். அவரும் குறைத்தார். அவள் இன்னும் குறைத்தாள்.

"களைப்பா இருக்கா? சொல்லு, நடந்துக்கலாம்," என்றார் அவர்.

"எனக்கா? உங்களுக்காகத்தான் அத்தான் நான் மெதுவாப் போறேன்!"

"எனக்காகவா? நீ முடியாம வர்றேன்னு நான்ல மெதுவாப் போறேன்!"

பின்னால் வேனின் உறுமல் கேட்டது. இருவரும் பதறிக்கொண்டு ஓடினார்கள். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் மீண்டும் அந்த இழுப்பு. இந்த முறை அவள் பயப்படவில்லை, காது கொடுத்தாள். இடது பக்கத்திலிருந்து தங்கள் காலடிச் சத்தமே திரும்பி வந்தது. தகரக் கூரையை ஒட்டிப் போனால் வருகிற சத்தம்.

"அத்தான், இடது பக்கம் கூரை போட்ட எதாச்சும் இருக்கா?"

"பஸ் ஸ்டாப்பு. ஏன்?"

"இதுக்கு முன்னாடி நீங்க மெதுவாப் போன இடத்துல?"

"அங்கயும் ஸ்டாப்புதான்."

"முதல் தடவை?"

"அட கடவுளே!"

பல வருடங்களாக அவர் பஸ் ஓட்டுவது இந்த ஏரிச் சாலையில்தான். பயிற்சியெல்லாம் பூங்கா மைதானத்தில் என்பதால் இது தெரியவில்லை. நிறுத்தம் வந்தால் அவர் கால் அவரைக் கேட்காமலே பிரேக் போட்டிருக்கிறது.

அவளுக்குச் சிரிப்பில் கால் பின்னியது. "இன்னிக்கு இது எக்ஸ்பிரஸ் அத்தான். நடுவுல எங்கயும் நிக்காது."

"உத்தரவு மேடம். சில்லறையா வச்சிருக்கீங்களா?"

பிறகு நன்றாகத்தான் ஓடினார்கள். வேன் சத்தம் தேய்ந்தது. முடிவுக்கு ஒரே ஒரு திருப்பம் பாக்கி இருந்தபோது அத்தான் நின்றேவிட்டார்.

"இப்ப என்ன?"

"ஸ்டாப்புல ஒரு பெரியவர் கை காட்டுறாரும்மா. தினம் நம்ம வண்டியில வர்றவரு."

"என்ன டிரைவர் தம்பி, வண்டியை எங்க விட்டுட்டு ஓடி வர்றே?" என்றது ஒரு குரல்.

"இன்னிக்கு இந்த ரோட்டுல பஸ் இல்லீங்க ஐயா. பின் தெருவுல போகுது."

"நான் அங்க நடந்து போனா சாயங்காலம் ஆயிடும். வீட்டுக்காரிக்கு ஏரிக்கரை ஆஸ்பத்திரியில முழங்கால் ஆபரேஷன். எந்த மாடின்னுகூடத் தெரியலை. அதுக்குள்ள பார்க்கிற நேரம் முடிஞ்சிடுமே."

வேன் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் இந்த மாதிரிக் குரலை அவள் தினமும் கேட்கிறாள். தொலைபேசியில் ஒருநாளும் அதைப் பாதியில் வைத்ததில்லை.

"முழங்கால் ஆபரேஷன்னா மூணாவது மாடி ஐயா. லிஃப்டை விட்டு இறங்கி வலது பக்கம். நேரம் முடிஞ்சிட்டா விசாரணை மேசையில சொல்லுங்க, விடுவாங்க."

"எத்தனாவது மாடி?"

அவசரப்படாமல் மறுபடி சொன்னாள். சொல்லி முடிக்கவும் வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"ரெண்டு பேரும் ஏறுங்க. ரோட்டைத் திறக்கணும்," என்றார் வேன்காரர்.

அவள் பெரியவரின் குரல் வந்த பக்கம் கை காட்டினாள். "அண்ணே, இவரை ஏத்திக்கங்க. ஆஸ்பத்திரி முடியற இடத்துக்குப் பக்கத்துலதான்."

"இவரு ஓடவே இல்லையேம்மா!"

"ரோட்டுல கடைசியா இருக்கிறவங்களைத்தானே ஏத்தச் சொல்லியிருக்காங்க? எங்களுக்குப் பின்னாடி நிக்கிறவர் இவர்தான்."

வேன்காரர் யோசித்தார். பிறகு சிரித்தார். "வக்கீலாப் போயிருக்கணும் தாயி நீ. சரி, பெரியவர் ஏறி உட்கார்ற வரைக்கும் வண்டி நகராது. அதுக்குள்ள பறந்துடு."

அவர்கள் ஓடினார்கள். பின்னாலிருந்து பெரியவரின் குரல் வந்துகொண்டே இருந்தது. "இருப்பா, குடை மடங்க மாட்டேங்குது... கம்பி மாட்டிக்கிச்சு... கொஞ்சம் இருப்பா..."

திருப்பத்தில் ஏரிக்காற்று முகத்தில் அடித்தது. ஈரமும் பாசியும் கலந்த வாசனை. யாரோ கை தட்டினார்கள். துணை ஓடுகிறவர் முன்னால் போகக் கூடாது என்பதால் அத்தான் ஓர் எட்டு பின்வாங்கினார். தாருக்குப் பதிலாகக் காலடியில் ரப்பர் விரிப்பு மெத்தென்றது. வந்துவிட்டோம் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அக்கா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "அவருக்கு நெஞ்சு கிஞ்சு வலிச்சுதா?"

"எனக்குத்தான்க்கா சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது."

வேன் வந்து நின்றது. பெரியவர் மெல்ல இறங்கினார். அவள் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள்.

"ஐயா, குடை நிஜமாவே மடங்கலையா?"

"பழைய குடைம்மா. வயசானா எல்லாம் அப்படித்தான், மக்கர் பண்ணும்," என்றார் அவர். "மூணாவது மாடி, வலது பக்கம். போயிட்டு வர்றேன்."

படக்கென்று குடை விரிந்தது. அவருடைய செருப்புச் சத்தம் தெருவைக் கடந்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும் வரை அவள் காது கொடுத்து நின்றாள். வாசலில் அதே குடை, ஒரு சிக்கலும் இல்லாமல், படக்கென்று மடங்கியது.