மூன்று முறை வரும் அடி

பொன்னுவேல் வாங்கியதில் இது இருபத்து மூன்றாவது சிடி. சேலம் பக்கம் வேறு யாரும் சீண்டாத சரக்கு: முப்பதுகளில் லண்டன் ஓட்டல்களில் வாசித்த நடன பேண்டுகள், இரைச்சல் நீக்கி ரீமாஸ்டர் செய்த மறுவெளியீடு. தன் ஊரான வெள்ளக்கடையிலிருந்து பஸ் ஏறி ஏற்காட்டுக்கு வந்து, கூரியர் ஆபீசில் அவரே வாங்கிக்கொள்வார். வீட்டுக்குக் கொண்டுவந்தால் "உக்காருங்க" என்று பிடித்துவைத்து மணிக்கணக்கில் பேசுவார் என்று கூரியர்க்காரர்களுக்குப் பயம்.

காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலீஷ் நாலு எழுத்து தெரியும், இங்கிலீஷ் சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. அவர் தேடியது ஒரே ஒரு பாட்டு. கல்யாணமான புதிதில் அவரும் அருக்காணியும் களத்தில் காப்பிக்கொட்டை காயவைக்கும்போது, எஸ்டேட் பங்களாவில் பட்லர் பழைய கிராமபோனை முடுக்கிவிடுவார். அதில் ஒரு பாட்டை அருக்காணி பிடித்துக்கொண்டாள். பிறகு நாற்பது வருஷம் அடுப்படியில் அதைத்தான் முனகினாள். நடுவில் ஓர் அடி மூன்று முறை வரும். அங்கே வந்ததும் கரண்டியால் சட்டியைத் தட்டுவாள்.

"நீங்களும் பாடுங்க" என்பாள்.

"எனக்கென்ன கிறுக்கா?" என்பார்.

அவள் போய் மூன்று வருஷமாகிறது. அவள் குரல் எந்த போனிலும் பதிவாகவில்லை. அந்த மெட்டாவது மிஞ்சட்டும் என்றால், அதுவும் மறந்துகொண்டே வந்தது.

"ஏனுங்க ஐயா, மாசாமாசம் சிடியே வருதுங்களே, அப்படி என்ன பாட்டுங்க?" என்று கேட்டாள் கூரியர் ஆபீஸ் ஜெஸ்லின்.

கேட்க ஓர் ஆள் கிடைத்ததே என்று பொன்னுவேல் பங்களா கிராமபோன் கதையைச் சொல்லி, வெட்கத்தை விட்டு முனகிக் காட்டினார், மூன்று முறை வரும் அடியோடு.

ஜெஸ்லின் சிரித்துவிட்டாள். "அது கீறல் உழுந்த தட்டுங்க ஐயா! முள்ளு மாட்டிக்கிட்டிருக்கும், யாராச்சும் தள்ளி உட்டிருப்பாங்க. பாட்டுல அப்படி இருக்காதுங்க."

சொன்னதையே சொல்லும் ஆட்களைக் 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்று ஆயுசெல்லாம் ஏசிய மனிதர்! நம் பாட்டில் ஓர் அடியைத் திருப்பித் திருப்பிப் பாடுவதில்லையா, வெள்ளைக்காரனும் அப்படித்தான் என்று இருந்துவிட்டார். சாயல் தெரிந்த பாட்டைக்கூட, அந்த இடம் ஒருமுறை மட்டும் வந்ததால் இது இல்லை என்று தள்ளியிருக்கிறார்.

புதுப் பார்சலைப் பிரிக்கவேயில்லை. வீட்டுக்கு வந்ததும் முதன்முதலில் வாங்கிய சிடியைப் போட்டார். நாலாவது பாட்டு. அதுவேதான். இரண்டு வருஷமாக அலமாரியிலேயே இருந்திருக்கிறது. அவருக்கு அழுகை வந்தது.

ஜன்னலுக்கு வெளியே சாயங்கால மூட்டம் இறங்கியிருந்தது. அடுப்படியிலிருந்து கரண்டியும் சட்டியும் எடுத்துவந்து மறுபடி போட்டார். இந்தமுறை வாய்விட்டுப் பாடினார். அந்த அடி வந்தது. அருக்காணி பாடியது போலவே மூன்று முறை பாடி, தட்டினார். பேண்டு ஒருமுறை வாசித்துவிட்டு மேலே போயிற்று.

பாட்டு முடிந்து சிடி பெட்டி அமைதியான பிறகும் பொன்னுவேல் இரண்டு அடி பின்தங்கி, தனியாகப் பாடிக்கொண்டிருந்தார்.