மாசியில் பூத்த கொன்றை

முத்தம்மையும் நூர் பீவியும் பினாங்கு தாவரவியல் பூங்காவில் ஒன்பது வருடங்களாகக் காலையில் சேர்ந்து நடப்பவர்கள். முத்தம்மை வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நூர் பீவிக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவரோடு சோறும் கறிக்குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடை நடத்துகிறார்.

அந்த மாசியில் மழையே இல்லை. மரங்கள் இலைகளைக் கொட்டிக்கொண்டிருந்தன. புல்வெளி ஓரத்தில், மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாகப் பூக்கும் கொன்றையின் அடியில் நூர் பீவி சட்டென்று நின்றார்.

“என்ன ஆச்சி இது? நேத்து மரம் முழுக்க ரோஸ் கலர் பூவா இருந்துச்சே. எல்லாம் எங்க போச்சு?”

முத்தம்மை அண்ணாந்து பார்த்தார். மொட்டைக் கிளைகள். முந்தின நாள் பல் டாக்டரிடம் போனதால் அவர் நடக்க வரவில்லை.

“இது ஏப்ரல்லதானே பூக்கும் பீவி?”

“நான் பாத்தேன்லா! போன்ல மக சுலைஹாகிட்டகூடச் சொல்லிக்கிட்டே நடந்தேன்.”

தரையில் ஓர் இதழ்கூட இல்லை. பக்கத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்த தோட்ட ஊழியர் நல்லமுத்துவைக் கேட்டார்கள். “மொட்டே வைக்கலக்கா,” என்றார் அவர். நூர் பீவி மரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

முத்தம்மைக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. போன மாதம் நூர் பீவி ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டது ஞாபகம் வந்தது. சாயங்காலம் கோலாலம்பூரில் இருக்கும் நூர் பீவியின் மகள் சுலைஹாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். சுலைஹா லீவு போட்டு வந்து, தாயை ஞாபக மறதிப் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். அதன் பிறகு நூர் பீவி பூங்காவுக்கு வரவில்லை.

பத்தாம் நாள், கிளை முறிந்து கிடந்ததால் வழக்கமான பாதையை அடைத்திருந்தார்கள். முத்தம்மை நாற்றுக்கொட்டகைக்குப் பின்னால் போகும் படிகளில் ஏறினார். மேலே இன்னொரு கொன்றை, உச்சிவரை இளஞ்சிவப்பாகப் பூத்து நின்றது.

அவர் அங்கிருந்து நேராக நூர் பீவி வீட்டுக்குப் போனார்.

“மரம் இருக்கு பீவி. வேற பாதையில. போன்ல பேசிக்கிட்டே அந்தப் படியில ஏறியிருப்பே. நான்தான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சுடு.”

நூர் பீவிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் முத்தம்மையைப் பயமுறுத்தியது.

“டாக்டர் அஞ்சு சாமான் பேர் சொல்லி, திரும்பச் சொல்லச் சொன்னாரு ஆச்சி. ரெண்டுதான் வந்துச்சு. பயத்துலயா, நெசமாவே மறந்துட்டேனா, தெரியல. மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காரு.”

மறுநாள் காலை இருவரும் அந்தப் படிகளில் ஏறினார்கள். நூர் பீவி மரத்தை ஒருமுறை சுற்றி வந்தார்.

“இதுதானே?” என்றார் முத்தம்மை.

“இருக்கும்...” நூர் பீவி இழுத்தார். “ஆனா நான் பாத்த மரத்துக்குக் கீழ ஒரு பெஞ்சு இருந்துச்சே. உக்காந்து பேசினேனே.”

அங்கே பெஞ்சு எதுவும் இல்லை. இதைச் சுலைஹாவிடம் சொல்ல வேண்டுமா என்று முத்தம்மைக்குப் புரியவில்லை. நூர் பீவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வா, இன்னும் கொஞ்சம் மேல போய்ப் பாப்போம்.”